படகின் நிறம் யார் கண்ணுக்கு?

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் சதுப்புகளிலும் சிசபீக் விரிகுடாவின் ஓரங்களிலும் குளிர்காலத்தையொட்டி வாத்து வேட்டைப் பருவம் வருகிறது. அதில் இறங்குபவர்கள் எல்லாரும் வசதியானவர்கள் இல்லை. பலரிடம் இருப்பது பன்னிரண்டு, பதினான்கு அடி நீளத்தில் தட்டையான அடியும் சதுர முகப்பும் கொண்ட அலுமினியப் படகுதான். 'ஜான் போட்' என்பது அதன் பெயர். வெள்ளி போல மின்னும் அந்தப் படகைச் சதுப்போடு சதுப்பாக மறைக்க வேண்டும். கடைகளில் உருமறைப்புப் படம் அச்சிட்ட வினைல் ஒட்டுத்தாள்கள் கிடைக்கின்றன. ஒரு படகை முழுக்கப் போர்த்தச் சில நூறு டாலர் ஆகும். வாங்க முடியாதவர்கள் மங்கலான பெயின்ட் டப்பாக்களோடு வீட்டு முற்றத்தில் வேலையைத் தொடங்குகிறார்கள். அப்படிப் பூசுவதைக் கையில் காசில்லாதவனின் சமாளிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. படகு மறைய வேண்டியது வாத்தின் கண்ணிலிருந்து. அந்தக் கண்ணைக் கணக்கில் எடுத்தால், மலிவான வழியே சரியான வழி.

மனிதக் கண்ணில் நிறம் அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. பறவையின் கண்ணில் நான்கு. நான்காவது வகை, நம் பார்வையில் ஊதா முடிகிற எல்லையை ஒட்டியும் அதைச் சற்றுத் தாண்டியும் உள்ள ஒளியை உணர்கிறது. எனவே நமக்கு ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு பழுப்புகள் வாத்துக்கு இரண்டு நிறமாகத் தெரியலாம். கடையில் காய்ந்த கோரையோடு அப்படியே ஒத்துப்போகும் சாயம், வானத்திலிருந்து பார்க்கும் பறவைக்கும் ஒத்துப்போகும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. ஐந்து டாலர் டப்பாவுக்கும் ஐந்நூறு டாலர் ஒட்டுத்தாளுக்கும் இந்தக் குறை பொது. கோரையின் உண்மையான நிறம் கோரையிடம் மட்டுமே இருக்கிறது. அதைப் படகின் விளிம்பில் கட்டுவதற்குச் செலவு அநேகமாக இல்லை. மல்லார்ட் வாத்தின் பார்வைப் புலத்தை அளந்த பிரிட்டிஷ் ஆய்வாளர் கிரஹாம் மார்ட்டின் 1986-இல் வெளியிட்ட கட்டுரை இன்னொன்றையும் காட்டியது: அந்தப் பறவை தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றிலும் தலைக்கு மேலும் உள்ள அனைத்தையும் காண்கிறது. அத்தோடு, வாத்துக் கூட்டம் நேராக வந்து நீரில் இறங்கிவிடுவதில்லை. குட்டையை இரண்டு மூன்று முறை வட்டமிட்டுச் சந்தேகம் தீர்ந்த பிறகே இறங்குகிறது. படகை அது எல்லாப் பக்கமும் பார்க்கிறது. மேலிருந்து உட்புறத்தையும் பார்க்கிறது. ஆனால் ஒட்டுத்தாள் வாங்குபவர்களில் பலர் வெளிப்பக்கத்தை மட்டும் போர்த்திவிட்டு, உள்ளே தரையையும் இருக்கைப் பலகையையும் வெறும் அலுமினியமாகவே விட்டுவிடுகிறார்கள். அண்டை வீட்டார் பார்க்கும் பக்கம் மறைந்துவிட்டது, வாத்து பார்க்கும் பக்கம் மின்னிக்கொண்டே இருக்கிறது.

விலை உயர்ந்த அச்சுப் படங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். 1986-இல் மிசிசிப்பி மாநிலத்தில் மாஸி ஓக் நிறுவனமும் ஜார்ஜியாவில் ரியல்ட்ரீ நிறுவனமும் தொடங்கின. மரப்பட்டை, கிளை, உதிர்ந்த இலை ஆகியவற்றைத் துணியில் கொண்டுவந்ததே அவற்றின் தொடக்க காலச் சாதனை. காட்டுக்குள் ஒரு மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு அது நல்ல மறைப்பு. பின்னாளில் சதுப்புப் புற்களுக்கான படங்களும் வந்தன. அவற்றின் நுணுக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தால் ஒவ்வொரு புல் தாளின் நரம்பும் தெரியும். ஆனால் ஐம்பது அறுபது மீட்டர் தள்ளிப் போனால் நுணுக்கமெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, படகு ஒரே கருமையான கட்டியாகிவிடும். தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணை ஏமாற்றுவது பெரிய, ஒழுங்கற்ற, வெளிர்நிறமும் அடர்நிறமும் மாறி மாறி வரும் திட்டுகள். அவை விளிம்பை வெட்டிக்கொண்டு போக வேண்டும்; அப்போதுதான் படகின் உருவம் உடையும். பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஹியூ காட் 1940-இல் விலங்குகளின் நிறம் பற்றி எழுதிய பெரிய நூலில் விரித்துச் சொன்ன கொள்கை இதுதான். கையில் தூரிகையோடு நிற்பவனுக்கு அது எளிது. விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கே அவன் திட்டைக் கொண்டுபோவான். உருளையில் சுற்றி வரும் ஒட்டுத்தாளுக்கு இந்தப் படகின் விளிம்பு எது என்று தெரியாது.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலர் செய்யும் பிழை ராணுவப் பச்சை. நவம்பர், டிசம்பர் மாதங்களில் அந்தச் சதுப்புகளில் பச்சை எங்கே இருக்கிறது? சம்பங்கோரையும் நாணலும் காய்ந்து வைக்கோல் நிறமாகி, அடியில் ஈரச் சேறு கறுத்துக் கிடக்கும். வேட்டையாடப் போகும் இடத்திலிருந்தே ஒரு காய்ந்த தண்டை எடுத்துக்கொண்டு பெயின்ட் கடைக்குப் போவதே நல்லது. வாடிக்கையாளர் கேட்ட நிறம் சரியாக அமையாமல் திரும்பி வந்த டப்பாக்களை அங்குள்ள கடைகள் பாதி விலைக்கும் குறைவாகத் தள்ளிவிடுவதுண்டு. வெளிச்சுவருக்கான, பளபளப்பில்லாத பழுப்பு அதில் கிடைத்தால் அடித்தளத்துக்கு அது போதும். அதன்மேல் உண்மையான கோரைத் தாள்களை அச்சுத்தகடு போலப் பிடித்து, அடர்பழுப்பையும் மணல் நிறத்தையும் ஸ்பிரே டப்பாவால் அடித்தால் தாளின் வடிவம் விழும். கவனமாகச் செலவிட்டால் மொத்தமும் நூறு டாலரை ஒட்டி முடிந்துவிடும். நீரில் மூழ்கும் அடிப்பகுதிக்குப் பூச்சே தேவையில்லை, அதை எந்த வாத்தும் பார்ப்பதில்லை. வேட்டை முடிந்ததும் படகு வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவதால் பாசி பிடிக்கும் கவலையும் இல்லை. எவ்வளவு மங்கலான பூச்சானாலும் நனைந்தால் கொஞ்சம் மின்னும் என்பது உண்மை. அதற்காகத்தான் விளிம்பில் பழைய வலையைக் கட்டி அதில் புல் செருகச் சொல்கிறேன். அந்தப் புல்லைக் காப்பிடங்களில் வெட்டக் கூடாது. பல இடங்களில் அது குற்றம்.

மலிவான பூச்சு நிற்காது, ஒரே பருவத்தில் உரிந்துவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். பல படகுகளில் உரிவது உண்மைதான். ஆனால் காரணம் பெயின்ட்டின் விலை இல்லை. அலுமினியம் காற்றுப் பட்ட உடனே தன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும் உலோகம். எண்ணெய்ப் பிசுக்கோ வழவழப்போ மிச்சமிருந்தால் அதன்மேல் எந்தப் பூச்சும் பிடிக்காது. நன்றாகக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, உலோகத்தைச் சற்றே அரித்துப் பிடிக்கும் அமிலம் கலந்த பிரைமரை அடிக்க வேண்டும். தேய்த்ததற்கும் பிரைமர் அடிப்பதற்கும் இடையே நாள் கடத்தக் கூடாது. இரும்புக் கம்பளியால் தேய்ப்பது தவறு. அதன் துகள்கள் தங்கி அந்த இடத்தில் அரிப்பு தொடங்கும். செம்பு கலந்த பாசித் தடுப்புப் பூச்சு அதைவிட மோசம். செம்பும் அலுமினியமும் நீரில் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். பழைய படகு என்றால் பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் முகமூடி இல்லாமல் தேய்க்கக் கூடாது. ஆக, பூச்சின் ஆயுளை நிர்ணயிப்பது ஒரு நாள் உடலுழைப்பு. அந்த உழைப்பைத் தவிர்த்தால் விலையுயர்ந்த பெயின்ட்டும் உரியும். சரளையில் இழுபட்டுக் கீறல் விழுந்தால், வீட்டிலுள்ள அதே டப்பாவால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். கிழிந்த ஒட்டுத்தாளை அப்படிச் சரிசெய்ய முடியாது.

படகை மறைப்பதே ஆபத்து என்பவர்களின் ஆட்சேபத்துக்கு நான் அதிக மதிப்பளிக்கிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. அதற்கு வரலாற்றில் ஒரு சான்றும் இருக்கிறது. தென்துருவப் பயணி ராபர்ட் ஸ்காட்டின் மகன் பீட்டர் ஸ்காட், ஓவியர். இளமையில் தாழ்ந்த படகில் போய் வாத்துகளைச் சுட்டவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தபோது, 1940-இல் தாம் பணியாற்றிய ப்ரோக் என்ற நாசகாரிக் கப்பலுக்கு வெளிர்நிற உருமறைப்பைத் தீட்டிப் பார்த்தார். வடக்கு அட்லாண்டிக்கின் இருண்ட இரவுகளில் கருங்கப்பலைவிட வெளிர்கப்பலே மறையும் என்பது அவர் கண்டது. 1941 மே மாதத்துக்குள் அந்தப் பகுதிக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் அந்த முறை கட்டாயமானது. ப்ரோக் உட்படச் சில கப்பல்கள் ஒன்றையொன்று காணாமல் மோதிக்கொள்ளும் அளவுக்கு அது பலித்ததாகச் சொல்வார்கள். அட்லாண்டிக்கில் நடந்தது சதுப்பிலும் நடக்கலாம். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னரே சுட அனுமதி உண்டு என்பதால், வேட்டைக்காரர்கள் கும்மிருட்டில் விசைப்படகை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். எனவே விளக்கில்லாமல் படகை நகர்த்தக் கூடாது. பதிவு எண்ணை உருமறைப்பால் மூடக் கூடாது. மூன்று அங்குல உயரத்துக்குக் குறையாமல், பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும் நிறத்தில் அது இருக்க வேண்டும் என்பதே சட்டம். உருமறைப்பைப் பூச்சு, புல் என்று இரண்டாகப் பிரிப்பதன் நன்மை இங்கேயும் தெரிகிறது. ஓடும்போது புல்லைக் கழற்றி ஓரளவு தெரியும்படி போகலாம், நின்ற பிறகு கட்டி மறையலாம்.

பறவைகளைக் கொல்வதற்கு யோசனை சொல்லலாமா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ள நம் நாட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அந்தச் சட்டம் அப்படியே இருக்க வேண்டும் என்பதே என் நிலையும். அமெரிக்காவின் கதை வேறு. அங்கே 1918-இன் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம் பருவத்தையும் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்துகிறது. 1935-இல் உயிருள்ள வாத்தைக் கட்டி வைத்து ஏமாற்றுவதும் இரை தூவி இழுப்பதும் தடைசெய்யப்பட்டன. சதுப்பில் நஞ்சாகத் தங்கும் ஈயக் குண்டுகளுக்கு 1991-இலிருந்து நாடு முழுவதும் தடை. பதினாறு வயது நிறைந்த ஒவ்வொரு வாத்து வேட்டைக்காரரும் 1934-இல் தொடங்கிய 'வாத்து முத்திரை'யை வாங்கியாக வேண்டும். அதில் வரும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. 1970-க்குப் பிறகு வட அமெரிக்கா ஏறத்தாழ 290 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்று 2019-இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு சொன்னது. அதே ஆய்வில் வாத்துக் குடும்பப் பறவைகள் 56 சதவீதம் பெருகியிருந்தன. இது வேட்டையைப் புனிதமாக்கிவிடாது. ஆனால் சதுப்பு அழிந்தால் வேட்டையாடுபவனும் இல்லை, வாத்தும் இல்லை என்பதை உணர்ந்தவர்கள் தம் பணத்தைச் சதுப்பில் போட்டார்கள். உருமறைத்த படகு தூரிகை பிடித்தவனுக்கும் கேமரா பிடித்தவனுக்கும் உதவும் என்பதும் உண்மை. பீட்டர் ஸ்காட்டே பின்னாளில் துப்பாக்கியைக் கீழே வைத்தார். 1946-இல் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைகளுக்கான காப்பிடத்தை உருவாக்கி, 1961-இல் உலக வனவிலங்கு நிதியத்தை நிறுவியவர்களில் ஒருவரானார்.

ஒட்டுத்தாளுக்கு ஒதுக்கி வைத்த பணத்தில் முதலில் படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். குளிர்காலத் தண்ணீரில் கவிழ்ந்தவனுக்குக் கரை ஐம்பது அடியில் இருந்தாலும் கை கால் விறைத்துவிடும். அடுத்து நல்ல விளக்கு. மிச்சமிருந்தால் இன்னொரு வாத்து முத்திரை வாங்கலாம். அதை வாங்கத் துப்பாக்கியோ வேட்டை உரிமமோ தேவையில்லை. அமெரிக்காவில் வாழும் தமிழர்களில் பறவை பார்க்கப் போகிறவர்களும் வாங்கலாம். விலை 25 டாலர்.