மேடையை விட்டு ஓடியவரா க்ளென் கூல்ட்?

கனடா பியானோ கலைஞர் க்ளென் கூல்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே பலர் அவருடைய நாற்காலிக்குப் போய்விடுகிறார்கள். அப்பா காலை அறுத்துக் குட்டையாக்கித் தந்த மடக்கு நாற்காலி, வெயிலிலும் ஓவர்கோட், வாசிக்கும்போதே முனகல்... கடைசியில் தீர்ப்பு: "மேதைதான், ஆனால் மேடைக்குப் பயந்து ஓடிய ஆள்!"

ஓடினாராம்! 1957-லேயே மாஸ்கோவும் லெனின்கிராடும் அவரைக் கொண்டாடியாகிவிட்டது. கடைசிக் கச்சேரி 1964 ஏப்ரல் 10, லாஸ் ஏஞ்சல்ஸ். வயது 31. நொடித்துப்போய்க் கடையைச் சாத்துபவன் வேறு, வியாபாரம் அமோகமாக நடக்கும்போது சாத்துபவன் வேறு இல்லையா?

அவர் சொன்ன காரணத்தை யாரும் காதில் வாங்குவதில்லை. கச்சேரி அரங்கம் ரத்தம் பார்க்கும் விளையாட்டு மைதானம் மாதிரி என்றார். வந்தவர்களில் பாதிப் பேர் இசைக்காக வருகிறார்கள், மீதி எங்கே சறுக்குவான் என்று பார்க்க. கைதட்டலையே தடை செய்யச் சொல்லி 1962-ல் கட்டுரை எழுதினார் (விளையாட்டும் வினையும் கலந்துதான்). பாக்கின் ஐந்தாம் பார்ட்டிட்டாவை ஊர் ஊராக வாசித்தபோது, கடைசி வரிசைக்கும் எட்டவேண்டும் என்று சேர்த்த மிகைகள் ரெக்கார்டிங்கிலும் ஒட்டிக்கொண்டதாக அவரே நொந்துகொண்டார். மேடை அவர் இசையைக் கெடுத்தது. விட்டார். அவ்வளவுதான்.

"ஸ்டூடியோவில் வெட்டி ஒட்டுவது ஏமாற்று" என்பது அடுத்த குற்றச்சாட்டு. 1966-ல் எழுதிய கட்டுரையில் அவரே கணக்கைத் திறந்து காட்டிவிட்டார். பாக்கின் ஏ மைனர் ஃப்யூகில் ஆறாவது டேக் இறுக்கமாக இருந்தது, எட்டாவது துள்ளலாக. தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே சலிப்பு. இரண்டையும் ஒட்டியபோதுதான் ஃப்யூக் உயிர்பெற்றது. எல்லாக் குறிப்பும் அவர் விரல் வாசித்ததுதானே! சினிமாவில் எடிட்டிங்கை யாரும் மோசடி என்பதில்லை. பியானோ என்றதும் மட்டும் ஏன் இந்தக் கற்பு?

இழப்பே இல்லையா என்றால், உண்டு. 1962-ல் பிராம்ஸ் கான்செர்ட்டோவுக்கு முன் கண்டக்டர் பெர்ன்ஸ்டைன் சபையைப் பார்த்து, இந்த வாசிப்பில் தனக்கு உடன்பாடில்லை என்று சொல்லிவிட்டு நடத்தினாரே, அப்படி ஒரு இரவு ஸ்டூடியோவில் நடக்காது. அவருடைய மோட்சார்ட்டைத் தாங்குவதும் கஷ்டம்.

ஆனால் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்? 1955-ல் 38 நிமிடத்தில் பறந்தவர், 1981-ல் அதே நியூயார்க் ஸ்டூடியோவில் 51 நிமிடம் எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அக்டோபரில் இறந்தார், 50 வயதில். அந்த முனகல் அதிலும் கேட்கிறது. எத்தனை டேக் எடுத்தாலும் அதை மட்டும் அவரால் வெட்ட முடிந்ததில்லை.