சவுண்ட்பாக்ஸின் முகமும் முதுகும்

பித்தளைக் குழலின் அழகில் மயங்கி கிராமபோன் வாங்க வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: குழலை விடுங்கள், முதலில் சவுண்ட்பாக்ஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும் வட்ட டப்பி அது. இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி பக்கவாட்டில் ஆடுகிறது. அந்த ஆட்டத்தை ஒரு சின்ன நெம்புகோல் வாங்கி, டப்பிக்குள் இருக்கும் மெல்லிய தகட்டிடம் சேர்க்கிறது. தகடு அதிர்கிறது. பாட்டு பிறப்பது அங்கேதான். குழல் அதைப் பெரிதாக்கி வெளியே விடுகிறது.

பழைய எச்.எம்.வி. பெட்டிகளில் வருவது 'எக்ஸிபிஷன்' சவுண்ட்பாக்ஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து 1920களின் தொடக்கம் வரை ஓடியது. முகத்தில் கண்ணாடிபோல் தெரிவது மைக்கா, நம் பாட்டிமார் காக்காப்பொன் என்று சொன்ன அதே அப்பிரகம். ஊசித்தண்டை இரண்டு பக்கமும் சிறு ஸ்பிரிங்குகள் பிடித்திருக்கும். அன்றைக்கு உலகத்துக்கே மைக்காத் தகடு அனுப்பியதில் இந்தியா முதன்மையான நாடு. கோடர்மாவில் செந்நிறச் சாயல் கொண்டது கிடைத்தது. நமக்குப் பக்கத்தில், ஆந்திரத்தின் கூடூர், சைதாபுரம் சுரங்கங்களில் பச்சைச் சாயல் கொண்டது. மைக்கா வெட்டிய மண்ணில் உட்கார்ந்து மைக்காத் தகட்டை ஒளியில் பிடித்துப் பார்க்கும்போது எனக்குத் தனி சந்தோஷம்.

எக்ஸிபிஷனுக்குப் பிறகு 2-ஆம் எண், அதற்கும் பின் 4-ஆம் எண். இரண்டிலும் மைக்காவே. 1925-இல் வந்த 101 என்ற கைப்பெட்டி கிராமபோனில் இந்த 4-ஆம் எண்ணைக் காணலாம். அதே ஆண்டுதான் மைக்ரோபோன் வைத்து மின்சாரத்தில் ஒலிப்பதிவு செய்யும் முறை பரவியது. தட்டுகளில் அடிக்குரலும் உச்சக்குரலும் கூடுதலாகப் பதிந்தன; மைக்காவால் அவற்றை முழுதாக எடுத்துக் கொடுக்க முடியவில்லை. 1927-இல் 5ஏ வந்தது. அதில் மைக்கா போய் அலுமினியத் தகடு. ஊசித்தண்டு பால்பேரிங்கில் அசையும். டப்பியின் உடம்பு பித்தளை. 5பி பார்வைக்கு அதன் தம்பி, ஆனால் உடம்பு துத்தநாகக் கலவையில் வார்த்தது. 1931-இல் அறிமுகமான 102 கைப்பெட்டியில் 16-ஆம் எண், 5பி இரண்டும் காணக் கிடைக்கும். முகத்தைப் பார்த்தவுடன் பெயர் சொல்லாதீர்கள். முதுகைத் திருப்பிப் பாருங்கள், உலோகத்தைப் பாருங்கள். துத்தநாக வார்ப்பு வயதானால் உப்பும், வெடிக்கும். அப்படி வெடித்ததைத் திருகிக் கழற்ற முயன்றால் துண்டு துண்டாகக் கையில் வரும்.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் கர்நாடக இசைப் பாடகர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையை ஒருமுறை தட்டில் கேட்க வேண்டும். புங்கனூரில் பிறந்தவர், 1954-இல் சங்கீத கலாநிதி. அவருடைய குரு காஞ்சிபுரம் நாயனா பிள்ளை இசைத்தட்டில் பாடவே மாட்டேன் என்று இருந்துவிட்டவர். ஆக, குருவின் பாட்டில் இருந்த லயக்கட்டு நம் காதுக்கு வந்து சேரும் வழிகளில் முக்கியமானது சீடரின் தட்டு. சித்தூர் ராமவிலாச சபையின் மேடையில் பேர் வாங்கி, ஊர்ப் பேரையே தன் பேரோடு சேர்த்துக்கொண்ட நடிகர் நாகையாவின் பாட்டுகளும் அப்படித்தான் மிஞ்சின. 1930களின் தட்டுகள் எல்லாம் மின்சாரப் பதிவு. அவற்றை எக்ஸிபிஷனில் போட்டால் குரல் மூக்கடைத்ததுபோல் வருகிறது. 5ஏ-யில் போட்டால் மிருதங்கத்தின் தொப்பி தனியாகக் கேட்கிறது. எந்தக் காலத்துத் தட்டோ அந்தக் காலத்துச் சவுண்ட்பாக்ஸ். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இன்று பழம்பொருள் என்று விற்பனைக்கு வரும் குழல் கிராமபோன்களில் பெரும்பகுதி புதிதாகச் செய்தவை. எக்ஸிபிஷனைப் பார்த்துச் செய்த போலி சவுண்ட்பாக்ஸ் அவற்றில் தொங்கும். எழுத்து மழுங்கியிருக்கும், திருகு மரை கரடுமுரடாக இருக்கும், ஊசித்தண்டை விரலால் தொட்டால் அசைவே இருக்காது. அசையாத தண்டு, நூறு கிராமுக்கும் மேலான எடையோடு அரக்குத் தட்டின்மேல் உட்கார்ந்து பள்ளத்தை உழுதுவிடும். அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதில் சுப்பிரமணிய பிள்ளையைப் போடாதீர்கள்.

அசல் கிடைத்தாலும் உடனே ஓட்டிப் பார்க்க வேண்டாம். தகட்டின் இருபுறமும் இருக்கும் ரப்பர் வளையம் இத்தனை வருடத்தில் கல்லாகியிருக்கும். பாட்டில் வரும் கரகரப்புக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். சைக்கிள் வால்வு டியூப்பை அளவு பார்த்து வெட்டிப் போட்டால் போதும். தண்டு மைக்காவைத் தொடும் இடத்தில் தேன்மெழுகு ஒரு சொட்டு வைத்து அடைக்க வேண்டும். எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று, மறுபக்கத்துக்குப் புதிது. பிரிக்கத் தெரியாதவர்கள் பாலிஷ் போட்டுப் பெருமைப்படாமல், பரண்மேல் இருப்பதை அப்படியே துணியில் சுற்றி, கைப்பழக்கம் உள்ள ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். சவுண்ட்பாக்ஸில் இருக்கும் எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.