செத்தால்தான் இந்தியரா?

மேஜர் லைஷ்ராம் ஜோதின் சிங். இந்தப் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மணிப்பூரில் நம்போல். எங்கள் பிஷ்ணுபூர் மாவட்டம். இம்பாலில் டாக்டருக்குப் படித்து, 2003-இல் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தவர்.

எந்த ராணுவம்? எங்கள் மண்ணில் சுடவும் பிடித்துப்போகவும் தனிச் சட்டம் வைத்திருந்த அதே ராணுவம். அந்தச் சட்டத்தை எடுங்கள் என்று ஐரோம் சர்மிளா உண்ணாவிரதமிருந்து, இம்பால் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்த வருஷங்கள் அவை. போகாதே என்று தடுக்க எங்களுக்கு ஆயிரம் காரணம் இருந்தது. போனார்.

2010 பிப்ரவரியில் காபூலுக்கு அனுப்பினார்கள், அங்குள்ள ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்க. போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 26-ஆம் தேதி விடிகாலை, தங்கியிருந்த விடுதியில் குண்டு வெடித்தது. துப்பாக்கியோடு நுழைந்தார்கள். இவர் கையில் என்ன இருந்தது? ஒன்றுமில்லை. டாக்டர்தானே! இடிபாட்டிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தவர், சுட்டுக்கொண்டிருந்தவன் மேல் வெறுங்கையோடு பாய்ந்து இறுக்கிப் பிடித்தார். விடவே இல்லை. அவன் உடம்பில் கட்டியிருந்த குண்டை வெடிக்க வைத்தான். இரண்டு பேரும் போனார்கள். கூட இருந்தவர்களில் பலர் பிழைத்தார்கள். 37 வயசு.

2011-இல் அசோக சக்கரப் பதக்கம் கொடுத்தீர்கள். கைதட்டினீர்கள்.

மறுவருஷமே, தாக்கப்போகிறார்கள் என்ற ஒரு வதந்திக்குப் பயந்து எங்கள் பிள்ளைகள் பெங்களூரில் மூட்டை முடிச்சோடு கௌஹாத்தி ரயில் ஏறினார்கள். 2014-இல் டெல்லியில் நிடோ தானியா என்கிற அருணாசலப் பையனைக் கிண்டல் செய்து, எதிர்த்துக் கேட்டதற்கு அடித்தார்கள். செத்தே போனான்.

2020-இல் எனக்கு. இதே சென்னையில் நர்ஸ் வேலை. கொரோனா வார்டில் அந்தக் கவச உடைக்குள் நாள் முழுக்க வெந்து, உள்ளங்கை ஊறிச் சுருங்கி, இறங்கி நடந்து வருகிறேன். "சைனா வைரஸ் போகுது பாரு" என்று ஒரு குரல். சிரிப்பு. வார்டுக்குள் சிஸ்டர், தெருவில் வைரஸா? அந்த வாரமே வீட்டுக்காரம்மா சாமானை எடுக்கச் சொன்னார். பொங்கல் பானை பொங்கியபோது என்னையும் பக்கத்தில் நிறுத்திக் குலவை போடச் சொன்ன அதே அம்மா. இதை என்னால் செரிக்கவே முடியவில்லை.

காபூலில் பாய்ந்த நேரத்தில், பின்னால் இருப்பவன் எந்த ஊர், எந்த முகம் என்று அவர் திரும்பிப் பார்த்தாரா? அவர் முகமும் என் முகம் மாதிரிதானே? பதக்கத்துக்குப் பொருந்திய முகம் வாடகை வீட்டுக்குப் பொருந்தாதா? சொல்லுங்கள், அவர் காபூலுக்குப் போகாமல் உங்கள் தெருவில் வீடு கேட்டு வந்திருந்தால், சாவியைக் கொடுத்திருப்பீர்களா?