வாப்பாவை அப்பாவாக்கியது யார்?

நமது இலக்கியக் கூட்டங்களிலே அடிக்கடி ஒலிக்கும் குற்றச்சாட்டு ஒன்றுண்டு. தொலைக்காட்சி வந்தது, வாசிப்புச் செத்தது. தொடர் நாடகம் வந்தது, பெண்கள் கெட்டார்கள். சென்னைத் தமிழ் வந்தது, நமது முஸ்லிம் தமிழ் அழிந்தது என்பதே அது. மேடையில் இதைச் சொல்பவருக்குக் கைதட்டல் நிச்சயம். சொன்னவர் கூட்டம் முடிந்ததும் அவசரமாக வீடு திரும்புவது செய்திக்காகவா, கிரிக்கெட்டுக்காகவா என்று நான் கேட்கப் போவதில்லை.

மறுபக்கத்தில் மிம்பரின் குரல். பெட்டியை வீட்டைவிட்டு வெளியேற்றச் சொன்ன பயான்களைக் கேட்டே எனது தலைமுறை வளர்ந்தது. இன்று அத்தகைய பயான்கள் கைத்தொலைபேசியிலே காணொளியாக வந்து சேருகின்றன. திரை ஹறாம் என்ற செய்தியைத் திரையிலேயே பார்க்கிறோம்.

இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் ஒத்துப் போகிறார்கள். குற்றவாளி பெட்டி, நாம் நிரபராதிகள். இந்த முடிவைத்தான் நான் மறுக்கிறேன்.

எனக்கு இந்த எண்ணம் வந்தது வகுப்பறையிலே. ஏழாம் தரத்துப் பிள்ளைகளுக்கு ‘எனது குடும்பம்’ என்ற தலைப்பிலே கட்டுரை எழுதக் கொடுத்தேன். முப்பத்திரண்டு கொப்பிகள் வந்தன. ஒன்றிலேனும் ‘வாப்பா’ இல்லை. எல்லாப் பிள்ளைகளின் வாப்பாமாரும் ‘அப்பா’வாகி இருந்தார்கள். உம்மாமார் ‘அம்மா’வாகி, மூத்தம்மா ‘பாட்டி’யாகி, ராத்தா ‘அக்கா’வாகி இருந்தார்கள். ஒரு மாணவியிடம் கேட்டேன்: “மகள், நீங்க ஊட்டுல வாப்பாவ அப்பா என்டா கூப்பிடுற?” அவள் சிரித்தாள். “இல்ல சேர். வாப்பா என்டு எழுதினா பிழை போடுவாங்க.”

யார் பிழை போடுவார்கள்? தொலைக்காட்சியா? தொலைக்காட்சியின் கையிலே சிவப்புப் பேனை கிடையாது. அது என் கையில் இருக்கிறது. ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளியேறி முதல் நியமனம் பெற்ற காலத்தில் ‘ஆணம்’ என்று எழுதிய பிள்ளைக்கு நானே கோடிழுத்து ‘கறி’ என்று திருத்தியிருக்கிறேன். ‘பசியாறினோம்’ என்பதை வெட்டி ‘காலை உணவு உண்டோம்’ என்று எழுதியிருக்கிறேன். ‘கிறுகிப் பார்த்தான்’ என்பதை ‘திரும்பிப் பார்த்தான்’ ஆக்கியிருக்கிறேன். அதைத் தமிழ் கற்பித்தல் என்றும் நம்பினேன். பிள்ளை தன் வீட்டுச் சொல் பாடசாலைக்கு உதவாது என்பதை முதலில் என்னிடமே கற்றது. தொடர் நாடகம் அந்தப் பாடத்துக்குப் பயிற்சி கொடுத்தது, அவ்வளவுதான்.

தொலைக்காட்சியால் கேடு இல்லை என்று நான் வாதிடவில்லை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலே பிள்ளைகள் குர்ஆன் ஓதிய நேரம், பாடம் மீட்டிய நேரம் எங்கே போயிற்று என்பது பெற்றோருக்குத் தெரியும். முதலாம் பாடவேளையிலே மேசையில் தலை சாய்க்கும் பிள்ளையிடம் காரணம் கேட்டால் முதல்நாள் இரவு பார்த்த நாடகத்தின் கதையைச் சொல்லும். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு ஸலாம் சொல்லிவிட்டுக் கண்ணை மட்டும் திரையிலே வைத்திருக்கும் வழக்கமும் நம்மிடம் வந்துவிட்டது. இவற்றை நானும் கண்டிக்கிறேன். எனது வீட்டிலும் இவை நடக்கின்றன.

ஆனால் நன்மையையும் மறைக்காமல் எழுத வேண்டும். இந்த நாட்டில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சி தொடங்கியது. 1982இல் ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி வந்தது. மின்சாரம் எட்டாத கிராமங்களிலே கார் பெற்றரியில் கறுப்பு வெள்ளைப் பெட்டியை இயக்கி, முற்றம் நிறைய அயலவர் அமர்ந்து பார்த்த காலமொன்று இருந்தது. 1996 மார்ச் 17இல் லாகூரிலே இலங்கை அணி உலகக் கிண்ணத்தை வென்றபோது, யுத்தத்தின் நடுவிலே, ஒரே காட்சியைப் பார்த்து எல்லா இனத்தவரும் ஆரவாரித்தார்கள். ஹஜ்ஜுக்குப் போக வசதியற்ற எத்தனையோ முதியவர்கள் அறபா மைதானத்தைத் திரையிலே கண்டு கண்ணீர் விட்டிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது ‘குரு கெதர’ என்ற பெயரில் அரச தொலைக்காட்சியிலே பாடங்கள் தமிழிலும் ஒளிபரப்பாகின. ஸ்மார்ட் தொலைபேசியும் டேட்டாவும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுவே வகுப்பறை. ‘ஷைத்தானின் பெட்டி’ அன்று கணிதம் படிப்பித்தது.

பெண்கள் கெட்டார்கள் என்பவர்களிடம் ஒரு கேள்வி. பொழுதுபட்டால் ஆணுக்குத் தேத்தண்ணிக் கடை இருக்கிறது. சந்தி இருக்கிறது. விளையாட்டுக் கழகம் இருக்கிறது. சுபஹுக்கு முன் எழும்பி இரவு வரை அடுப்படியிலே நின்ற பெண்ணுக்கு ஊரிலே எந்த இடத்தை ஒதுக்கினோம்? எத்தனை ஊர்களின் நூலகத்திலே பெண்களுக்கென ஒரு மேசை உண்டு? எத்தனை இலக்கியக் கூட்டங்களுக்கு நமது வீட்டுப் பெண்களை அழைத்தோம்? வேறெங்கும் இடமில்லாதவள் பெட்டியின் முன்னால் அமர்ந்தாள். அவளைக் குறை சொல்லும் உரிமை நமக்கில்லை.

அவள் அங்கே என்ன பார்க்கிறாள் என்பதுதான் பேசப்பட வேண்டியது. சன் தொலைக்காட்சி 1993இல் தொடங்கியது. 1999இல் ‘சித்தி’ வந்தது. அதன் பின் சென்னைத் தொடர்கள் நமது இரவுகளை எடுத்துக்கொண்டன. அவற்றுள் பலவற்றின் அடிப்படைச் சிக்கல் ஒன்றே. மருமகள் புகுந்த வீட்டுக்கு வருகிறாள். மாமியாரும் நாத்தனாரும் அவளைக் கொடுமை செய்கிறார்கள். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வீட்டிலே இது நடக்க முடியாத கதை. இங்கே பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். உம்மாவும் மகளும் ஒரே வளவிலே வாழ்கிறார்கள். மாமியாருக்கு அஞ்ச வேண்டியவன் யாரும் இருந்தால் அது மருமகனே.

அதனால் நமது வீட்டிலே துயரமில்லை என்பதல்ல. நமது துயரம் வேறு. மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக வயலை விற்கும் வாப்பா. ராத்தாவின் வீட்டுக்கும் தங்கச்சியின் வீட்டுக்கும் கல்லும் சீமெந்தும் வாங்க மத்திய கிழக்கிலே பத்து வருடம் கிடந்து, தனது இளமையைத் தொலைத்துவிட்டுத் திரும்பும் காக்கா. வீடு முடியாததால் வயது முப்பதைத் தாண்டிய குமர். தான் சம்பாதித்த காசில் ஓட்டையும் சுவரையும் எழுப்பிவிட்டு, அந்த வீட்டுச் சீதனத்துக்கே விலை பேசப்படும் பணிப்பெண். இதைவிடப் பெரிய நாடகம் எந்தச் சென்னைத் தொடரிலே இருக்கிறது? இதைத் தொடர் நாடகமாக எழுதியவர் நம்மிலே எத்தனை பேர்? நமது பெண் பிறருடைய வீட்டுக் கண்ணீரை அழுகிறாள். அவளது கண்ணீரை எழுதித் திரைக்குக் கொடுக்க நாம் முன்வரவில்லை.

“நமக்கு வாய்ப்பில்லை” என்பார்கள். அரைவாசி உண்மை. தமிழ் அலைவரிசைகள் சொந்தமாக நாடகம் தயாரிப்பதைவிட வெளியிலிருந்து வாங்குவது மலிவு என்று கண்டுகொண்டன. முஸ்லிம் நிகழ்ச்சி என்றால் நோன்பு கால நிகழ்ச்சியும் பெருநாள் வாழ்த்தும் போதும் என்ற நிலையும் உண்டு. ஆனால் வானொலிக் காலத்தை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் சேவைக்கு நமது ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் நாடகம் எழுதினார்கள், உரைச்சித்திரம் எழுதினார்கள். இலங்கை வானொலியிலே பிறந்த ‘பாட்டுக்குப் பாட்டு’ பி. எச். அப்துல் ஹமீதோடு சென்னைத் தொலைக்காட்சிக்குப் போய் அங்குள்ளவர்களையும் கவர்ந்தது. இங்கிருந்து அங்கு போவதும் சாத்தியமே என்பதற்கு அது சாட்சி. ‘கோமாளிகள்’ நாடகத்தின் மரிக்கார் பாத்திரத்தால் நமது பேச்சுத் தமிழ் நாடறிந்தது. அதை நடித்து ‘மரிக்கார்’ ராமதாஸ் என்றே பெயர் பெற்றவர் நமது சமூகத்தவர் அல்லர். அவர் மீது எனக்கு மதிப்புண்டு. நமது பேச்சை அவர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். ஆனால் அந்தப் பேச்சைச் சிரிப்புக்கு மட்டுமே உரியது என்ற நிலையிலிருந்து மீட்டு, அழுகைக்கும் கோபத்துக்கும் காதலுக்கும் உரியதாக்க வேண்டியவர்கள் நாமல்லவா?

கவி பாடும் மூத்தம்மாமாரைத் தொலைக்காட்சி கொன்றது என்பது மற்றுமொரு குற்றச்சாட்டு. எனக்கு நினைவிருக்கும்வரை, பல ஊர்களிலே பெட்டி வரும் முன்னரே கவி வாயடைத்துவிட்டது. சீறாப்புராணம் வாசித்த வீடுகளிலே வாசிப்பை நிறுத்தினோம். றபான் தட்டி வந்த பக்கீரைத் தெருக்கோடியிலே திருப்பி அனுப்பினோம். மூத்தம்மா பாடியதை ஜாஹிலிய்யத் என்றோம். படித்த பிள்ளைகளோ நாட்டுப்புறம் என்று வெட்கப்பட்டார்கள். மார்க்கத்தின் பெயரால் ஒரு சாராரும் நாகரிகத்தின் பெயரால் மறு சாராரும் திண்ணையைக் காலி செய்த பின்னரே தொலைக்காட்சி வந்து அங்கே அமர்ந்தது. வெறும் இடத்தில் யாரும் வந்து குந்துவார்கள்.

இந்த அசட்டைக்கு நாம் கொடுத்த விலையை 2019இல் கண்டோம். ஏப்ரல் 21இன் கொடுமைக்குப் பின்னர், குற்றத்தோடு எந்தத் தொடர்புமில்லாத வீடுகளின் அலுமாரியும் அடுப்படியும் நாட்டின் திரைகளிலே காட்டப்பட்டன. 2020இல் கொரோனாவால் இறந்த நமது ஜனாஸாக்களை எரித்தபோதும் நமது வேதனையை எடுத்துச் சொல்ல வேண்டிய களம் அந்தத் திரையாகவே இருந்தது. அன்று கமராவின் முன்னால் சிங்களத்திலே தெளிவாகப் பேசவும், நமது வாழ்க்கையைக் காட்சியாக்கிக் காட்டவும் நம்மிடம் இருந்தவர்கள் மிகச் சிலரே. முப்பது வருடங்களாகத் தொலைக்காட்சி ஹறாமா ஹலாலா என்று பட்டிமன்றம் நடத்திய சமூகத்திடம், தேவை வந்த நாளில் தயாரிப்பாளரும் பிரதி எழுத்தாளரும் போதவில்லை. நம்மைப் பற்றிய கதையை வேறு யாரோ எழுதினார்கள். அயல் வீட்டுச் சிங்களச் சகோதரர் அதைப் பார்த்தார்; பலர் நம்பினார்கள்.

இனியும் வாய்ப்பில்லை என்ற சாட்டு எடுபடாது. கைத்தொலைபேசியிலே படம் பிடிக்கவும் தொகுக்கவும் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். இல்லாதது பிரதி. அதை எழுத வேண்டியவர்கள் இந்தச் சஞ்சிகையைக் கையில் வைத்திருப்பவர்களே. ஒவ்வோர் இதழிலும் கவிதைக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குகிறோம். நான்கு பக்கத்தை நாடகப் பிரதிக்கு ஒதுக்கினால் என்ன? மீலாத் போட்டிகளிலே பேச்சும் கிறாஅத்தும் இருக்கின்றன. பத்து நிமிடக் குறுநாடகம் ஒன்றைச் சேர்த்தால் என்ன? வாப்பா வாப்பாவாகவும், ஆணம் ஆணமாகவும், குமர் குமராகவும் பேசும் நாடகமாக அது இருக்கட்டும்.

என் பங்குக்கு நான் செய்யக் கூடியதைத் தொடங்கிவிட்டேன். அந்த முப்பத்திரண்டு கொப்பிகளையும் திருப்பிக் கொடுத்து, வீட்டிலே கூப்பிடுவது போலவே எழுதி வரச் சொன்னேன். பரீட்சையிலே வேறு ஆசிரியர் புள்ளி குறைத்துவிடுவாரோ என்று பிள்ளைகள் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதைத் தீர்க்க வேண்டியவர்கள் தமிழ் கற்பிக்கும் நாங்களே. மறுநாள் வந்த கொப்பிகளில் பாதிக்கு மேல் வாப்பாமார் திரும்பி வந்திருந்தார்கள். ஒரு பிள்ளை, கட்டாரிலே இருக்கும் வாப்பாவுடன் கிழமைக்கொரு முறை தொலைபேசித் திரையிலே பேசுவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தது. முதற் கட்டுரையிலே அந்தப் பிள்ளையின் ‘அப்பா’வுக்கு ஐந்து வரிதான்.

மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் மறுத்து எழுதட்டும். எழுதும்போது பெட்டியைச் சற்று நிறுத்திவைத்துவிட்டு, நமது பேனையின் கணக்கையும் பார்த்து எழுதுவார்களாக.