குதிரைப் பந்தயமும் குதிரையும்

தாம்பரத்தினின்று கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சாரத் தொடர்வண்டியில் ஏறியறியாத மாணவர் நம்முள் அரியர். அவ்வழியிலுள்ள கிண்டி நிலையத்திற்கு அணித்தே பரந்து கிடக்கும் பந்தயத் திடலை அறியாதாரும் அரியர். 1777-ஆம் ஆண்டு தொட்டே அவ்விடத்துக் குதிரைப் பந்தயம் நிகழ்ந்ததென்பர். 1896-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பந்தயக் கழகம் அதனை நடத்தி வந்தது; கோடைக்காலத்தில் உதகமண்டலத்திலும் பந்தயம் நடத்திற்று. 2024-ஆம் ஆண்டில், குத்தகைப் பணம் பெரிதும் பாக்கியாயிற்று என்னும் காரணத்தால், அரசாங்கத்தார் முதலில் உதகைத் திடலையும், செப்டம்பரில் குத்தகையை நீக்கிக் கிண்டித் திடலையும் தம் வசப்படுத்த முற்பட்டனர். வழக்கு நீதிமன்றம் புகுந்தது. அவ்வழக்கில் நியாயம் எவர் பக்கத்தது என்பது ஈண்டு எம் ஆராய்ச்சியன்று; அதனை ஆராய நீதிபதிகள் உளர்.

எம் நெஞ்சை உறுத்தும் பொருள் வேறு. அத்திடலைப் பற்றி எழுந்த சொற்போரில் ஒரு சாரார், "சூதாட்டக் களம் ஒழிந்தது நன்றே" என்றனர். மற்றொரு சாரார், "இஃது அரசர் விளையாட்டு; திறமையின் அரங்கு; ஒழியலாகாது" என்றனர். இரு சாராரும் பணத்தைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் நிரம்பப் பேசினர். எத்தனை ஏக்கர், எத்தனை கோடி என்பதெல்லாம் நம் செவிக்கு எட்டின. எத்தனை குதிரைகள், எத்தனை லாயத் தொழிலாளர் என்னும் வினா மட்டும் எட்டவில்லை. குதிரைப் பந்தயம் என்னும் சொற்றொடரில் முன்னிற்பது குதிரையன்றோ? அதனைப் பின்னிறுத்திப் பந்தயத்தை மட்டும் பேசுதல் எங்ஙனம் பொருந்தும்?

முதற்கண் அவ்விளையாட்டின் இயல்பினைச் சிறிது கூறுவாம். ஆண்டு ஓடுவன 'தரோபிரெட்' எனப்படும் உயர்குலக் குதிரைகள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கீழ்நாடுகளினின்று இங்கிலாந்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன் என்னும் மூன்று ஆண் குதிரைகளின் வழித்தோன்றல்களே இக்குலத்தன யாவும். அவற்றின் குலமுறை கிளத்தும் பதிவேடு 1791-இல் முதன்முதல் அச்சேறிற்று. தந்தைவழி எட்டுத் தலைமுறைப் பெயர் கூற அறியாத நம்மனோர் பலர். பந்தயக் குதிரைக்கோ அது கைக்கொண்ட செல்வம்.

பந்தய நாளில் நிகழும் ஒழுங்கும் வியக்கத்தக்கதே. சவாரி செய்யும் ஜாக்கி, ஓட்டத்திற்கு முன் சேணத்தோடு தராசில் ஏறி நிறுக்கப்படுகின்றார். ஓடி முடிந்தபின் மீண்டும் நிறுக்கப்படுகின்றார். எடை குறைந்தால் வெற்றி வெற்றியாகாது. இரு குதிரைகள் ஒருங்கே எல்லைக் கோட்டை எட்டின், நிழற்படங்கொண்டு தீர்ப்புச் செய்கின்றனர். ஊக்கமருந்து ஊட்டப்பெற்றதோ என்று ஆராய்கின்றனர். ஒருவர் குதிரை மற்றொருவர் குதிரையின் வழியை மறித்ததாயின் நடுவர் கூடி விசாரிக்கின்றனர். இத்துணை நேர்மை நம் கல்லூரித் தேர்தல்களில் இருப்பின் நலமாம் என்று நகைத்துக் கூறலாம்.

ஆதலின் குதிரை ஓட்டத்தையே இழிந்ததென யாம் கூறேம். யோபு நூலின் 39-ஆம் அதிகாரத்தில், தேவன் தம் படைப்பின் மாட்சியைக் காட்டுமிடத்துப் போர்க்குதிரையையும் காட்டுகின்றார். அவர் காட்டி மகிழ்ந்ததனை நாம் கண்டு மகிழ்தல் குற்றமாகுமோ? ஆகாது. இடர் தொடங்குவது ஓடுகளத்திலன்று. பணம் கட்டும் சாளரத்தில்.

நிற்க. எம் தெருவில் தையற்காரர் ஒருவர் வாழ்ந்தார். வெட்டிய துணிகளின் கீழே ரேஸ் புத்தகம் ஒன்று அவரிடத்து எப்பொழுதும் இருக்கும். எக்குதிரைக்கு எது தந்தை, எது தாய், சென்ற மூன்று ஓட்டங்களில் அஃது எத்துணை எடை சுமந்தது, ஈரமண்ணில் எங்ஙனம் ஓடும் என்பனவெல்லாம் அவருக்கு நாவில் நிற்கும். சிறு பருவத்தில் யாம் பல குதிரைகளின் பெயரை அவரிடமே கற்றோம். "தம்பி, இது சூது இல்லை, கணக்கு" என்பார். ஒருநாள், "மாமா, நீங்கள் அந்தக் குதிரையைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா?" என்று வினவினோம். "குதிரையை எதற்குப் பார்க்க வேண்டும்? புத்தகத்தில் எல்லாம் இருக்கிறதே!" என்றார். அக்கணக்கு அவருடைய தையல் இயந்திரத்தையும் ஒருநாள் கழித்துவிட்டது.

அவர் மூடரல்லர், குடியரல்லர், சோம்பேறியுமல்லர். திறமை மிக்கவர். அத்திறமையே அவரைக் கெடுத்தது என்பது எம் துணிபு. இதனை விளக்குவாம்.

1974-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் குதிரைப் பந்தயத்தையும் அதன்மேற் பணம் கட்டுதலையும் ஒழிக்கும் சட்டம் ஒன்று இயற்றிற்று. கழகத்தார் வழக்காடினர். 1996 ஜனவரியில் உச்சநீதிமன்றம், குதிரைப் பந்தயத்தின் வெற்றி பெரும்பான்மையும் திறமையைப் பொறுத்ததேயன்றித் தற்செயலைப் பொறுத்ததன்று எனவும், ஆகவே அது சூதாகாது எனவும் முடிவு செய்தது. குதிரையின் விரைவும் வலிவும், ஜாக்கியின் கைத்திறனும், பயிற்சியாளரின் அறிவும் கூடியே வெற்றி பிறக்கின்றதென்பதில் ஐயமில்லை. சட்டநெறியால் அம்முடிவினைத் தலைவணங்கி ஏற்கின்றோம். ஆயினும் அறநெறியால் ஒரு வினா எஞ்சுகின்றது. அத்திறமை யாருடையது? ஓடுவது குதிரை, ஓட்டுவது ஜாக்கி, பழக்குவது பயிற்சியாளர். சாளரத்தில் நின்று சீட்டு வாங்குபவரிடத்து உள்ளது ஊகம் ஒன்றே.

அவ்வூகத்திலும் திறமை உண்டென்பாராயின், இரண்டு செய்திகளை அவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலாவது, பந்தயத்தார் 'ஹாண்டிகாப்' எனக் கூறும் எடைமுறை. வல்ல குதிரைக்கு மிகுந்த எடையும், மெலிந்த குதிரைக்குக் குறைந்த எடையும் ஏற்றி, எல்லாம் ஒருங்கே எல்லைக்கோட்டை எட்டுமாறு செய்ய முயல்வதே அம்முறையின் நோக்கம். எடை வகுப்பவர் தம் தொழிலில் எத்துணைத் திறமையுடையரோ, அத்துணைக்குச் சீட்டு வாங்குபவரின் ஊகம் தடுமாறும். ஒரு திறமையை வெல்லவென்றே மற்றொரு திறமையைச் சம்பளம் கொடுத்து அமர்த்தியுள்ள இடத்தில், ஏழைத் தையற்காரரின் கணக்கு எவ்வளவு தூரம் ஓடும்?

இரண்டாவது, திரள்பணத்தின் கணக்கு. டோட்டு என்னும் முறையில் மக்கள் கட்டும் பணம் ஒன்றாகத் திரட்டப்படுகின்றது. அத்திரளினின்று கழகத்தின் பங்கும் வரியும் முதலிற் கழிய, எஞ்சியதே வென்றவர்க்குப் பகிரப்படுகின்றது. எடுத்துக்காட்டாக, நூற்றுக்கு இருபது கழிகின்றதெனக் கொள்வாம். மக்கள் கட்டிய நூறு ரூபாய் அவர்களுக்குள் எண்பதாகத் திரும்பும். அவ்வெண்பதை மறுபந்தயத்திற் கட்டின் அறுபத்துநான்காகும். இங்ஙனமே செல்லின் பத்தாம் பந்தயம் முடிகையில் நூற்றிற் பதினொன்றுகூட மிஞ்சாது. ஒருவர் திறமையால் வெல்லலாம்; ஆனால் அவர் வெல்வது குதிரையை அன்று, தம்மினும் அறியாத மற்றொரு தையற்காரரையே. எல்லாரும் திறமையாளராயினும் எல்லாரும் சேர்ந்து தோற்பது உறுதி. வள்ளுவனார் சூது என்னும் பொருளுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அவர் காலத்தில் டோட்டு இல்லை. ஆயினும் கழித்தற் கணக்கு அன்றும் இதுவே.

அரசாங்கத்தின் கையும் இவ்விடத்துத் தூயதென்று கூறுதற்கில்லை. பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றிய அந்நாளிலேயே, தமிழ்நாட்டரசு 1968-இல் தொடங்கிய பரிசுச்சீட்டினைத் தானே விற்று வந்தது. 2003-ஆம் ஆண்டிலேயே அதனை நிறுத்திற்று. கட்டும் பணத்தின் முழுத்தொகைமேல் 28 விழுக்காடு வரி விதிக்கப்பெற்றது. 2025 செப்டம்பரில் அது 40 விழுக்காடாக உயர்த்தப்பெற்றது. தீயதென்று கூறி அதன்மேல் வரி ஏற்றுவது தடுத்தற்கோ, பங்கு பெறுதற்கோ என்று குடிமக்கள் வினவின் அது பிழையாமோ?

"பணம் கட்டுதல் இன்றேல் பரிசு ஏது? பரிசு இன்றேல் குதிரைக்குத் தீனி ஏது?" என்று பந்தயம் நடத்துவோர் கூறுவர். இக்கூற்றில் உண்மை உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. குதிரைக்கு நாளும் கொள்ளும் புல்லும் வேண்டும். லாடம் கட்டுவோரும் மருத்துவரும் வேண்டும். விடியுமுன் எழுந்து குதிரையைத் தேய்த்துக் கழுவி நடைபழக்கும் லாயத் தொழிலாளிக்கு ஊதியம் வேண்டும். திடலுக்குப் பூட்டிடுதல் ஒரு நாளைச் செயல்; பூட்டுக்குள் அகப்பட்ட வயிறுகளுக்கோ ஒவ்வொரு நாளும் பசிக்கும். சூதினை ஒழிக்க விரும்பும் நம்மனோர் இவ்வயிறுகளை மறந்து பேசுதல் பரிசேயர் செயலாகும்.

ஆகவே, கிண்டியில் மீண்டும் குதிரை ஓடினும் ஓடாவிடினும், பெங்களூர், மைசூர், ஐதராபாத்து, மும்பை, கொல்கத்தா முதலிய இடங்களிற் பந்தயத்தை நடத்தி வளர்ப்போர் யாவரும் கைக்கொள்ளத்தக்கனவாக மூன்று செய்திகளைக் கூறுகின்றோம்.

ஒன்று: விளம்பரம் குதிரையைப் பற்றியதாகுக. பரிசுத் தொகையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு இளைஞரை அழைத்தலை விடுத்து, காலைப் பயிற்சி வேளையில் பள்ளிச் சிறாரையும் மாணவரையும் திடலுக்குள் அழைத்துக் குதிரையைக் காட்டுக. அதனைத் தொட்டறிந்த சிறுவன் அதனை வெறும் எண்ணாக எண்ணான்.

இரண்டு: சாளரத்தில் உண்மை எழுதப்படுக. கட்டும் ஒவ்வொரு நூற்றிலும் எத்துணை முதலிற் கழிகின்றதென்பதைச் சாளரத்தின் மேலே, தமிழிலும் அவ்வந்நாட்டு மொழியிலும், எழுதி வைக்க வேண்டும். ஒருவர் ஒரு நாளிற் கட்டும் தொகைக்கு வரம்பும் வேண்டும். திறமை விளையாட்டென்பது மெய்யாயின் வரம்பினால் அதன் சுவை குன்றாது. குன்றுமாயின் அது திறமையின் சுவையன்று.

மூன்று: ஓடி ஓய்ந்த குதிரைக்குக் கணக்குக் காட்டப்படுக. பந்தயக் குதிரை ஏழெட்டு வயதிற்குள் பெரும்பாலும் ஓய்கின்றது. நன்கு பேணின் இருபத்தைந்து ஆண்டும் வாழும். எஞ்சிய ஆண்டுகளில் அதற்கு யார் பொறுப்பு? தந்தை பெயரும் தாய் பெயரும் அச்சிடும் ரேஸ் புத்தகத்தில், சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற குதிரைகள் ஒவ்வொன்றும் எங்குச் சென்றது என்பதையும் அச்சிடுக. பரிசுப் பணத்தில் ஒரு பங்கு அவற்றின் தீனிக்கும், லாயத் தொழிலாளரின் முதுமைக்கும் ஒதுக்கப்படுக. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிநாடு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் கடல்வழியே பல்லாயிரம் குதிரைகள் ஆண்டு இறங்கினவென்றும், பேணும் முறை அறியாமையால் அவற்றிற் பெரும்பாலன மாண்டனவென்றும் எழுதிவைத்தார். அன்று அறியாமையாற் செய்ததனை இன்று அறிந்து செய்வோமாயின், அவ்வெளிநாட்டார் எழுதியதற்கு நாம் என் மறுமொழி கூறவல்லேம்?

இறுதியாக, நம் வீட்டையும் நாம் பெருக்குதல் வேண்டும். அறுப்பின் பண்டிகையிலும் கல்லூரிக் களிவிழாவிலும் அதிர்ஷ்டச் சீட்டு விற்று நற்பணிக்குப் பொருள் திரட்டும் வழக்கம் நம்மிடையே இல்லையோ? தொகை சிறிது, நோக்கம் நன்று என்பேம். பரிசுச்சீட்டு விற்ற அரசாங்கமும் இதனையே கூறியிருக்கும். சூதினைப் பழிக்கும் நாவுக்கு வலிமை வேண்டின், அச்சீட்டுப் புத்தகங்களை முதலில் நாம் கைவிடல் வேண்டும். கொடுக்க விரும்புவோர் பரிசு நோக்காது கொடுக்கட்டும்.

அத்தையற்காரர் இப்பொழுது வேறொருவர் கடையிற் கூலிக்குத் தைக்கின்றார். கிண்டித் திடலுக்கு முத்திரையிட்ட செய்தி வந்த வாரத்தில் அவரைக் கண்டோம். மகிழ்வாரென எண்ணினோம், வருந்துவாரெனவும் எண்ணினோம். அவர் இரண்டும் செய்திலர். ஊசியில் நூலைக் கோத்தவாறே, "அந்தக் குதிரைகளையெல்லாம் எங்கே கொண்டுபோயிருப்பார்கள், தம்பி?" என்று கேட்டார். வாழ்நாளில் அவர் குதிரையைப் பற்றிக் கேட்ட முதற் கேள்வி அதுவாகும். அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர் பந்தயத்தை நடத்துவோரும் அதனை ஒழிப்போருமே. அவ்விடையைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் வரட்டும். நிலத்தைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் அதன்பின் பேசுவாம்.