ஒத்திகையில் மூழ்கிய கப்பல்

கப்பல் என்றால் அதற்கொரு பெயர் இருக்கும். இம்மாதம் நாம் காணும் கப்பலுக்கோ எண் மட்டுமே: எல்.எஸ்.டி. 507.

டாங்கிகளையும் வீரர்களையும் சுமந்து சென்று, துறைமுகமில்லாத மணற்கரையில் மூக்கை முட்டி நின்று, முகப்புக் கதவுகளைத் திறந்து இறக்கிவிடும் தட்டையடிக் கப்பல் அது. நீளம் 328 அடி. அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றங்கரையில் கட்டப்பெற்று 1944 ஜனவரியில் கடற்படையில் சேர்ந்தது. உருவம் பெரிது, வேகமோ குறைவு. 'மெல்ல நகரும் பெரிய இலக்கு' என்று இவ்வகைக் கப்பல்களை மாலுமிகளே கேலி செய்வர். அந்தக் கேலி பலித்துவிட்டது.

1944 ஏப்ரல் 28, நள்ளிரவு கடந்த வேளை. நார்மண்டிப் படையெடுப்புக்கு ஒத்திகை பார்ப்பதற்காக, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஸ்லாப்டன் மணற்கரையை நோக்கி எட்டுக் கப்பல்கள் வரிசையாகச் சென்றன. நார்மண்டியின் யூட்டா கரையை ஒத்த இடம் அது. அதற்காகவே சுற்றுவட்டத்து மக்கள் ஏறத்தாழ 3,000 பேர் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தனர். காவலுக்கு வரவேண்டிய இரு பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் ஒன்று, மோதலில் பழுதுற்றுத் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. ஜெர்மானிய விரைவுப் படகுகள் நடமாடுவதைப் பிரித்தானியர் அறிந்து எச்சரித்தனர். ஆனால் கட்டளைத் தாளில் வானொலி அலைவரிசை தவறாகத் தட்டச்சாகியிருந்தமையால் அந்த எச்சரிக்கை அமெரிக்கக் கப்பல்களின் செவியில் விழவில்லை. ஒரு தட்டச்சுப் பிழை, அன்பர்களே!

இரவு இரண்டு மணியளவில் 507 மீது டார்பிடோ பாய்ந்தது. மின்சாரம் அற்றது, தீயணைக்கும் பம்புகள் இயங்கவில்லை. சற்று நேரத்தில் 531ஆம் கப்பல் தாக்குண்டு ஆறே நிமிடங்களில் மூழ்கிற்று. 289 சிதைந்த நிலையில் கரை சேர்ந்தது.

நெஞ்சை உறுத்தும் செய்தி இனித்தான். காற்றடைத்த மிதவைப் பட்டையை அக்குளுக்குக் கீழே அணியவேண்டும். பலர் அதை இடுப்பில் கட்டியிருந்தனர். அணியும் முறையை அவர்களுக்கு யாரும் சரிவரக் கற்பிக்கவில்லை. முதுகுச் சுமை அழுத்த, நீரில் குதித்ததும் தலைகீழாய்க் கவிழ்ந்தனர். உயிர் காக்க அணிந்ததே உயிரைக் குடித்தது. குளிரில் விறைத்து மாண்டோரும் பலர். 515ஆம் கப்பலின் தலைவர் ஜான் டாயில் மட்டும் ஆபத்தைப் பொருட்படுத்தாது திரும்பிவந்து, நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்டார்.

மாண்டோர் 749 பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஜூன் 6ஆம் நாள் உண்மைப் பகைவரை எதிர்த்து யூட்டா கரையில் இறங்கியபோது மாண்டோர் இதனினும் மிகக் குறைவு!

படையெடுப்பின் இரகசியம் அறிந்த பத்து அதிகாரிகள் காணாமற்போயினர். அவர்களின் உடல்கள் கிடைக்கும்வரை தலைமையகம் கலங்கிற்று. (பெற்ற தாய்மாரின் கலக்கம் யார் கணக்கிலும் வரவில்லை.) பிழைத்தோருக்கு வாய்ப்பூட்டு இடப்பட்டது. நார்மண்டிக்குப் புறப்படுமுன் அலைவரிசை சீராக்கப்பட்டது. மிதவை அணியும் பயிற்சியும் அளிக்கப்பட்டது.

டார்கிராஸ் என்னும் அக்கரையோரச் சிற்றூரில் விடுதி நடத்திய கென் ஸ்மால் என்பவர், ஒத்திகைக் காலத்தில் கடலில் அமிழ்ந்த ஷெர்மன் டாங்கி ஒன்றை அமெரிக்க அரசிடம் 50 டாலருக்கு வாங்கி, 1984இல் கரையேற்றினார். மாண்டோரின் நினைவுச் சின்னமாக அது அங்கே நிற்கிறது.