வாங்கும் விலையும் வளர்க்கும் விலையும்

ஒரு பொருளை வாங்குதற்கு வேண்டிய பணம் ஒன்று. அதனைப் பேணுதற்கு வேண்டிய பணம் வேறொன்று. முன்னையது விளம்பரத்தில் அச்சாகும். பின்னையதை அச்சிடுவார் ஒருவருமிலர். வீடு, கடிகாரம், தையல் இயந்திரம் முதலிய யாவற்றுக்கும் இவ்விதி பொருந்துமாயினும், பாவித்த சொகுசு ஜீப் வண்டியைப் போல இதனை மெய்ப்பித்துக் காட்டும் பொருள் பிறிதில்லை. புதிதாக வந்த நாளிற் செல்வந்தர் மாத்திரமே ஏறிய வண்டி, பதினைந்து இருபது ஆண்டுகள் கழிந்தபின் நடுத்தரக் குடும்பத்தின் ஆசைக்கு எட்டும் விலையில் வந்து நிற்கின்றது. நேயர்கள் ஈண்டு ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும்: விலை சரிந்தது வண்டிக்கே, அதன் உதிரிப்பாகங்களின் விலை சரியவில்லை.

உதாரணமாக, ரேஞ்ச் ரோவர் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1970 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதன்முதல் வெளிவந்த இவ்வண்டி, சேற்றிலும் மேட்டிலும் ஏறவல்லது, அரண்மனை வாசலிலும் நிற்கத்தக்கது என்னும் இருவகைப் புகழையும் ஒருங்கே பெற்றது. இதன் மூன்றாந் தலைமுறை 2002 முதல் 2012 வரை விற்பனையாயிற்று. அவ்வண்டியை வடிவமைத்த காலத்தில் நிறுவனம் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. வசம் இருந்தது, 2000 இல் அமெரிக்காவின் ஃபோர்ட் அதனை வாங்கியது, 2008 இல் இந்தியாவின் டாட்டா வாங்கியது. தொடக்கத்திற் பொருத்தப்பட்டவை பி.எம்.டபிள்யூ. இயந்திரங்கள்; 2005 இல் பெற்றோல் வண்டிகளில் ஜாகுவார் இயந்திரங்கள் இடம்பெற்றன. ஆகவே, பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போல் நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு வேண்டிய உதிரிப்பாகங்கள் வெவ்வேறாய் இருத்தல் கூடும். எந்த ஆண்டு, எந்த இயந்திரம் என்பதே வாங்குவோர் கேட்கவேண்டிய முதற் கேள்வி.

இவ்வண்டியின் சொகுசுக்குக் காரணம் காற்று. சாதாரண வண்டிகளில் உருக்குச் சுருள் வில் இருக்கும் இடத்தில், இதன் நான்கு மூலைகளிலும் காற்றடைத்த ரப்பர்ப் பைகள் உள்ளன. அவற்றுக்குக் காற்றூட்ட மின்சாரத்தால் இயங்கும் அழுத்தி ஒன்றும், உயரத்தை அளந்தறியும் உணரிகளும் உண்டு. வயது ஏற ஏற ரப்பர் வெடித்துக் காற்றுக் கசியும். கசியும் பையை நிரப்பும் பொருட்டு அழுத்தி ஓயாது உழைக்கும். உழைத்து உழைத்து ஈற்றில் அதுவும் எரிந்துபோகும். பையை உரிய காலத்தில் மாற்றாத குடும்பம், பின்னர் பைக்கும் அழுத்திக்கும் சேர்த்தே பணம் எண்ணும். இதனை அறியும் வழி எளிது. வண்டியைச் சமதளத்தில் மாலையில் நிறுத்திச் சக்கரத்தின் நடுவிலிருந்து மேல்வளைவு வரை அளந்து, மறுநாட் காலையில் மீண்டும் அளந்தால், தாழ்ந்த அங்குலங்களே உண்மையைச் சொல்லிவிடும். சிலர் காற்றுப் பையை அகற்றிச் சுருள் வில் பொருத்துவதுண்டு. செலவு குறையும், எனினும், எதற்காக அவ்வண்டியை வாங்கினாரோ அந்தச் சுகமும் குறையும்.

அடுத்தது வெப்பம். 4.4 லீற்றர் பி.எம்.டபிள்யூ. இயந்திரத்திற் குளிர்நீர் செல்லும் வழியிற் பல உறுப்புகள் பிளாஸ்ரிக்கினால் ஆனவை. ஆண்டுக்கணக்கான சூட்டில் அவை அப்பளம்போல் நொறுங்கும் தன்மை அடைகின்றன. நீர் வடிந்ததைக் கவனியாது ஓட்டினால், அலுமினியத் தலைப்பகுதி சூட்டில் வளைந்து, சிறிய கசிவு பெரிய பழுதாகிவிடும். அதே இயந்திரத்தினுள் சங்கிலியைத் தாங்கி வழிநடத்தும் பிளாஸ்ரிக் உறுப்புகளும் காலப்போக்கில் உடைகின்றன. காலையிற் குளிர்ந்த இயந்திரத்தை முடுக்கும்போது கலகலவென்னும் ஓசை கேட்டால் அதனை அலட்சியஞ் செய்யலாகாது. அவ்வுறுப்பின் விலை பெரிதன்று. அதனை அணுகுதற்கு இயந்திரத்தின் முன்புறம் முழுவதையும் கழற்ற வேண்டியிருப்பதாற் கூலியே பெரிதாகின்றது.

கியர்ப்பெட்டியின் எண்ணெய் ஆயுள் முழுவதுக்கும் போதும் என்று கூறி விற்போர் உளர். பெற்றோல் வண்டிகளின் கியர்ப்பெட்டியைச் செய்த இஸட்.எஃப். நிறுவனமோ, ஏறத்தாழ 80,000 முதல் 120,000 கிலோ மீற்றருக்குள் எண்ணெயை மாற்றுமாறு கூறுகின்றது. ஆகவே, எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பற்றுச்சீட்டுக் கேட்பது தவறாகாது.

மின்சாரக் கோளாறுகளிற் பொறுமை வேண்டும். ஒரே வேளையிற் பல எச்சரிக்கை விளக்குகள் எரியக் கண்டு, வண்டி முழுதும் பழுதாயிற்று என அஞ்சுவோர் உண்டு. பல சமயங்களில் வலுவிழந்த பற்றரியே அதற்குக் காரணம். முதலிற் பற்றரியைச் சோதித்துப் பின்னரே மற்றவற்றைத் தேடுவது பணத்தை மிச்சப்படுத்தும்.

இனிப் பழுது எதுவும் இல்லாத மாதத்தின் கணக்கைப் பார்ப்போம். சுமார் இரண்டரைத் தொன் எடையுள்ள பெற்றோல் வண்டி, நகர நெரிசலில் லீற்றருக்கு ஐந்து கிலோ மீற்றர் ஓடினாலே நன்று. மாதம் 1,000 கிலோ மீற்றர் ஓடுங் குடும்பத்துக்கு 200 லீற்றர் வேண்டும். லீற்றருக்கு 15 கிலோ மீற்றர் ஓடும் சிறிய காருக்கு அதே தூரத்துக்கு 67 லீற்றர் போதும். மீதி 133 லீற்றரின் விலையை மாணவ நேயர்கள் இன்றைய விலையாற் பெருக்கிப் பார்க்கலாம்; அத்தொகை மாதந்தோறும் செல்வது. இதன்மேல் ரயர்ச் செலவு உண்டு. நான்கு சக்கரங்களையும் எப்போதும் இயந்திரமே சுழற்றுவதால், நான்கு ரயர்களும் ஒரே அளவினவாயும் ஏறத்தாழ ஒரே தேய்வினவாயும் இருத்தல் அவசியம். எடைக்கேற்றவாறு பிரேக்கும் விரைவிலே தேயும். காப்புறுதி இவற்றுக்கு மேலானது.

நம் நாட்டில் இன்னொரு மயக்கமும் உண்டு. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய வண்டிகள் தட்டுப்பாட்டால் விலையேறின. விலை உயர்ந்து நிற்பதால் வண்டி உறுதியானது என்று கொள்ளுதல் பிழை. சந்தையின் தட்டுப்பாடு ரப்பரின் வயதைக் குறைப்பதில்லை.

அப்படியாயின், இத்தகைய வண்டியை எவரும் வாங்கலாகாதா? வாங்கலாம். நன்கு பேணப்பட்ட வண்டி நெடுந்தூரப் பயணத்தில் அளிக்கும் இன்பத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் மூன்று நிபந்தனைகளைக் கைக்கொள்க. பராமரிப்புப் பற்றுச்சீட்டுகள் இல்லாத வண்டியை, வர்ணம் எவ்வளவு மின்னினும், விட்டுவிடுக. விற்பவரைச் சாராத மெக்கானிக் ஒருவரைக் கொண்டு, வண்டியை உயர்த்தி அடிப்பகுதியையும், கணினியை இணைத்துப் பதிவாகியுள்ள கோளாறுகளையும் சோதிப்பிக்குக. கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாது, ஐந்தில் ஒரு பங்கையேனும் முதலாண்டுப் பழுதுகளுக்கென வங்கியில் ஒதுக்கி வைக்குக. அப்பங்கை ஒதுக்க இயலாதாயின், அவ்வண்டி நமக்குரிய விலையில் இல்லை என்பதே பொருள்.

யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம் முன்னோர் சொன்னது வெறும் ஏளனமன்று. அது ஒரு கணக்கு. வெளிநாட்டில் உழைக்கும் மகன் அனுப்பிய பணமோ, தந்தையின் ஓய்வூதியக் கொடையோ கைக்கு வரும்போது, வீட்டார் யாவரும் ஒருங்கே அமர்ந்து இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தல் நன்று. பெருவண்டி முற்றத்தில் அசையாது நிற்க, பிள்ளையின் படிப்புக்குக் கடன் தேடும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரலாகாது.